மழை நின்ற பிறகு ஏறும் தண்ணீர்

“மழை நின்ன பெறகுதான் கண்ணு நம்ம தெருவுல தண்ணி ஏறும்” என்று எதிர்வீட்டுப் பெரியப்பா சொன்னபோது, சரிங்க பெரியப்பா என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன். எழுபது வயதுக்காரர், ஏதோ ஞாபகப் பிசகில் சொல்கிறார் என்று நினைத்தேன். மழை பெய்தால் தண்ணீர் ஏறும், நின்றால் வடியும், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நான் வேறு சிவில் படித்தவன். போதாததற்கு அப்போதுதான் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் எப்படி ஓடும் என்று பார்க்க, தெருவைக் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்ட ஆரம்பித்திருந்தேன். அந்த ஒரு வரியைக் காதில் வாங்கியிருந்தால் ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

எங்கள் தெரு சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம். திருமணிமுத்தாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடைக்குக் கூப்பிடு தூரம். தெருவின் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் மேல்மாடிக்கு யாரும் குடிவர மாட்டார்கள் என்று வீட்டுக்கார அக்கா ஏற்கெனவே எச்சரித்துவிட்டார். சேலத்தின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலை என்று சுற்றிலும் மலை, நடுவில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஊர். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நமக்குத்தான் அங்கே போய்வர 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு வாந்தியும். தண்ணீருக்கு அதெல்லாம் கிடையாது, நேரே இறங்கிவிடும். அப்படி இறங்கி வருகிற திருமணிமுத்தாறு ஊருக்குள்ளேயே புகுந்து, கோட்டைப் பக்கமாக ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் போய்க் காவிரியில் கலக்கிறது. பெயரில் மணியும் முத்தும் இருக்கின்றன. ஆற்றில் என்ன இருக்கிறது என்பதைப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களிடம் கேளுங்கள்.

பெரியப்பா நெசவாளி. குழித்தறி பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: தரையில் ஏறக்குறைய இரண்டடிக்குக் குழி வெட்டியிருப்பார்கள், நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். அதாவது ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்தால் முதலில் நிறைவது சமையலறை இல்லை, படுக்கையறை இல்லை, சம்பாதிக்கிற குழி. ஈரம் ஏறினால் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தளர்ந்துவிடும், கஞ்சி விட்டுப்போகும், இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறும். அப்புறம் குழியை இறைத்து, காயவிட்டு, மறுபடி உட்கார ஒரு வாரம் ஆகும். எனக்குத் தண்ணீர் என்றால் பைக் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். அவருக்கு ஒரு வாரக் கூலி.

தெருவில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: சாக்கடை பத்தலை. டீக்கடையில் கேட்டாலும், தட்டுவடை செட் போடுகிற அக்காவிடம் கேட்டாலும் அதே பதில்தான். பெருசா கட்டணும், மனு கொடுக்கணும். சரி, மனுவோடு ஒரு கணக்கையும் வைத்துக் கொடுத்தால் மதிப்பாக இருக்குமே என்றுதான் நான் இதில் இறங்கினேன். சாக்கடை சிறியது என்று எண்களால் நிரூபிப்பது என் திட்டம். ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு தெரிந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட மென்பொருள் எஸ்டபிள்யூஎம்எம் (SWMM, மழைநீர் வடிகால் கணக்குக்கானது), துறைக்காரர்கள் ஸ்விம் என்று செல்லமாகக் கூப்பிடுவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971 வாக்கில் வெளிக்கொண்டுவந்தது, இன்றைக்கும் இலவசம், என் ஓட்டை லேப்டாப்பிலேயே ஓடும். உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு சிமெண்டு, எவ்வளவு மண், எவ்வளவு வாட்டம் (சரிவு) என்று எழுதுகிறோம். துண்டுகளிலிருந்து வழிகிற தண்ணீர் சாக்கடை முனைகளில் போய் விழுகிறது. முனைகளைச் சாக்கடைகள் இணைக்கின்றன. எல்லாம் கடைசியில் ஒரு வாயில் போய் வெளியேறுகிறது. மேலே மழையைக் கொட்டினால், ஒவ்வொரு நிமிடமும் எந்த முனையில் எவ்வளவு ஆழம் என்று சொல்லும். பார்க்க விளையாட்டு மாதிரிதான் இருக்கும், நேரம் போவதே தெரியாது, என் மனைவி இன்னமும் அதை விளையாட்டு என்றுதான் நினைக்கிறாள்.

மாடலுக்கு முன்னால் கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மழைத்தண்ணீர் கணக்கு ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். எங்கள் சாக்கடைக்குத் தண்ணீர் வந்து சேரும் பரப்பு சுமார் மூன்று ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஏழரை ஏக்கர். அதில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்து, நூற்றுக்கு எண்பது பங்கு வழிந்து ஓடுகிறது என்று வைத்தால், விநாடிக்கு 333 லிட்டர் சாக்கடைக்கு வரும். வழியும் பங்கு, மழையின் வேகம், பரப்பு மூன்றையும் பெருக்குகிற இந்த முறையை அயர்லாந்துக்காரரான மல்வனி 1851இலேயே சொல்லிவிட்டார், இன்றைக்கும் பாதி உலகம் இதை வைத்துத்தான் சாக்கடை கட்டுகிறது.

சாக்கடையின் கொள்ளளவுக்கு இன்னோர் அயர்லாந்துக்காரர், மேனிங். (கணக்குப்பிள்ளை வேலையில் தொடங்கி இன்ஜினியரானவர். 1889இல் அவர் முன்வைத்த சூத்திரத்தை உலகம் பூராவும் சிவில் பையன்கள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்கிறார்கள்.) எங்கள் சாக்கடை இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், காகிதத்தில் 500 அடிக்கு ஓர் அடி வாட்டம். சுத்தமான சிமெண்டுச் சுவர் என்றால் விநாடிக்கு 367 லிட்டர் போகும். வருவது 333, போவது 367. ஆக, 50 மில்லிமீட்டர் மழையைத் தாங்க வேண்டும்.

இது எனக்குப் பெரிய ஏமாற்றம். சாக்கடை சிறியது என்று நிரூபிக்க வந்தவனிடம் சூத்திரம் போதும் என்கிறது.

உடனே ஞாபகம் வந்தது, சுத்தமான சாக்கடைக்குத்தானே இந்தக் கணக்கு. மூடியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் 20 சென்டிமீட்டருக்கு மண், அதற்கு மேல் பால் கவர், தேங்காய் நார், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு, தறிக்கழிவு நூல். ஆழம் 60இலிருந்து 40 ஆகிறது, சொரசொரப்பும் கூடுகிறது, இரண்டையும் போட்டுக் கணக்கிட்டால் 132 லிட்டர். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்! சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான், தூர் வாரினால் போதும், மனு ரெடி என்று குதித்தேன். தெருக்காரர்கள் சேர்ந்து ஆள்வைத்துப் புரட்டாசியிலேயே முழுச் சாக்கடையையும் வாரினோம். டிராக்டர் டிராக்டராக மண் வந்தது.

மாடலுக்கு வருகிறேன். முதல் சிக்கல் தரை மட்டம். ஆர்வக்கோளாறில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க விண்கலம் ரேடார் வைத்து அளந்த உயர வரைபடத்தை இறக்கினேன். அதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். எங்கள் தெருவின் அகலமே ஐந்து மீட்டர். தவிர, அந்த ரேடார் பார்த்தது தரையை அல்ல, கூரையையும் புளியமரத்தையும். உயரத்தில் சில மீட்டர் பிசகும். மலையை வரைய அது போதும், கஞ்சமலை கஞ்சமலையாகத் தெரிந்தது. ஆனால் சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர். அந்த வரைபடத்தை நம்பி ஓட்டியபோது எங்கள் தெருத் தண்ணீர் பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

அப்போதுதான் கொத்தனார் அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்தார். வீடு கட்டும் இடங்களில் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு நீளமான டியூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கிருந்து தரைக்கு டேப் வைத்து அளக்க வேண்டியதுதான். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும், அதனால் அண்ணன் டியூப்பைச் சுண்டிச் சுண்டி வீணை வாசிப்பது போல் தட்டிக்கொண்டே வருவார். தெருவின் பள்ளமான இடத்திலிருந்து ஓடையில் சாக்கடை விழும் வாய் வரைக்கும் 240 மீட்டர். 20 மீட்டர் டியூப்பை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மத்தியானம் முடித்தோம். தெரு நாய்கள் கூடவே வந்தன. “என்னங்க தம்பி, தங்கம் தேடறீங்களா?” என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

அளவுகளை மாடலில் ஏற்றி ஓட்டியதும் பிழை வந்தது, 115ஆம் எண் பிழை: இந்தச் சாக்கடைத் துண்டில் வாட்டம் எதிர்த்திசையில் இருக்கிறது. எந்தத் துண்டு என்று பார்த்தால், சின்னப் பாலத்தைத் தாண்டி ஓடை வரைக்கும் உள்ள கடைசி 80 மீட்டர். என் அளவின்படி அது ஓடையை நோக்கி இறங்குவதற்குப் பதிலாக ஐந்து சென்டிமீட்டர் ஏறுகிறது. யாராவது சாக்கடையை மேடு நோக்கிக் கட்டுவார்களா? நாங்கள்தான் களைப்பில் தப்பாக அளந்திருப்போம் என்று, ஐந்தை எடுத்துவிட்டு, காகிதத்து வாட்டப்படி நைசாகப் பதினாறு இறக்கம் என்று மாற்றினேன். பிழை போய்விட்டது. மாடல் அழகாக ஓடியது.

இதைப் படிக்கிற சிவில்காரர்கள் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும்.

அடுத்து மழை. செய்தித்தாளில் வருவது ஒரு நாள் மழை, காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரைக்குமானது. அதை வைத்துத் தெருவை மாடல் செய்ய முடியாது. 60 மில்லிமீட்டர் நாள் முழுக்கத் தூறினால் குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்வரலாம். அதே 60 முக்கால் மணி நேரத்தில் கொட்டினால் தெரு ஏரி. நம் ஊரில் பெரும்பாலும் இரண்டாவதுதான். மத்தியானம் வரைக்கும் மண்டை பிளக்கும் வெயில், நாலு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, ஆறு மணிக்கு இடியோடு ஒரு கொட்டு. ஆகவே மொட்டைமாடியில் நேர்ச்சுவர் கொண்ட எவர்சில்வர் டப்பாவை வைத்து, மழை பெய்யும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கேலை விட்டு அளந்து நோட்டில் எழுதினேன். நனைந்துகொண்டேதான். ஆட்டோமேட்டிக் கருவி வாங்க மனைவியிடம் பட்ஜெட் பாஸ் ஆகவில்லை.

ஐப்பசியில் வந்தது அந்த மழை. ஒரு மணி நேரத்தில் 41 மில்லிமீட்டர். எங்கள் மூன்று ஹெக்டேரில் வழிந்தது ஏறக்குறைய பத்து லட்சம் லிட்டர், பெரிய தண்ணீர் லாரியில் எண்பது லோடு. தூர் வாரிய சாக்கடை, 50 மில்லிமீட்டரைத் தாங்கும் என்று சூத்திரமும் சொல்கிறது, மாடலும் சொல்கிறது. மழை பெய்யும்போது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை, சாக்கடை உறிஞ்சிக்கொண்டு ஓடியது. பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஏழரைக்கு மழை விட்டது. உள்ளே போய்த் தலை துவட்டி, தோசை சாப்பிட்டு, எட்டேகாலுக்கு வாசலுக்கு வந்தால் பைக்கின் சக்கரம் பாதிக்கு மேல் தண்ணீருக்குள். அளந்தேன், 43 சென்டிமீட்டர். பெரியப்பா வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு குடத்தால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடலைத் திறந்து பார்த்தேன். தெரு காய்ந்து கிடந்தது.

மறுநாள் அவர் திட்டவெல்லாம் இல்லை. “சொன்னனே கண்ணு. மழை நின்னப்பறம்தான் வரும். மேல இருந்து வரதில்ல அது, சாக்கடைக்குள்ள இருந்து பொங்கி வரும். மூடி ஓட்டையில குமிழ் வுடும், பாத்ததில்லயா?”

நான் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், மழை பெய்கிறபோது மாடியிலும் மழை விட்டதும் செல்போனிலும் இருப்பவன் நான். அவர் ஐம்பது வருஷமாகத் தரை மட்டத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

அன்றைக்கு ராத்திரி மாடலின் ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வெளியேறும் வாய்க்கு என்ன வகை என்று ஒரு கேள்வி உண்டு. நான் அதைத் தொடவே இல்லை, அது முதலிலிருந்து ‘ஃப்ரீ’ என்றே இருந்தது. அதாவது தண்ணீர் வாயிலிருந்து தடையில்லாமல் தொபுக்கென்று கீழே விழுந்துவிடும், ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது பற்றி மாடலுக்குக் கவலையே இல்லை. இன்னொன்று, தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிட ‘கைனமாட்டிக் வேவ்’ என்ற எளிய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன், வேகமாக ஓடும் என்று. அந்த முறையில் தண்ணீர் கீழ்நோக்கி மட்டும்தான் போகும்; கீழே அடைத்துக்கொண்டால் மேலே எதிர்த்து ஏறும் என்பதே அதன் அகராதியில் கிடையாது. எதிர் வாட்டத்தைப் பிழை என்று சொன்னதும் அந்த முறைதான். பெரியப்பா பார்த்தது எதுவோ அது நடக்கவே முடியாத ஓர் உலகத்தை நான் உட்கார்ந்து கட்டியிருந்தேன்!

மறுபடி டியூப்போடு போனோம். கடைசி 80 மீட்டரை இரண்டு முறை அளந்தோம். ஐந்து சென்டிமீட்டர் ஏற்றம்தான், சந்தேகமே இல்லை. “பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற ஆளு கட்டுனதுங்க. அவன் மட்டத்தை அவன் ஓடைப்பக்கம் இருந்து புடிச்சிருக்கான், இவன் தெருப்பக்கம் இருந்து புடிச்சிருக்கான்” என்றார் அண்ணன். காகிதத்தில் 48 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய மொத்த வாட்டம் நிஜத்தில் 27. அதுவும் ஓடை காலியாக இருந்தால்தான்.

ஓடை காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அடுத்த மழைக்குப் பாலத்தில் போய் நின்றேன். ஒரு மூங்கிலில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயிண்ட் அடித்துச் சாக்கடை வாய்க்குப் பக்கத்தில் நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு போட்டோ. மழை பெய்தபோது ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். மழை விட்டது. இருபது நிமிடம் ஒன்றுமில்லை. கொசுக்கடி. பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது செம்மண் நிறத்துக்கு வந்தது, கூடவே ஒரு மண்வாசனை, சாக்கடை நாற்றமே இல்லை. அப்புறம் ஏறத் தொடங்கியது பாருங்கள், முக்கால் மணி நேரத்தில் சாக்கடை வாய் முழுகி, அதற்கு மேல் இன்னும் ஏறி, வாயின் அடிமட்டத்திலிருந்து 130 சென்டிமீட்டர் வரைக்கும் போனது. எங்கள் தெருவின் பள்ளம் அதே அடிமட்டத்திலிருந்து 87 சென்டிமீட்டர். கழித்தால் 43. போன மழைக்கு என் பைக் சக்கரத்தில் அளந்த அதே 43. இந்த மழையிலும் ஓடை மட்டம் அதே அளவுக்கு வந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அன்றைக்குப் பாலத்தின் மேல் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை.

அது எங்கள் தெருவில் பெய்த மழையே அல்ல. மலையில் பெய்தது. மலையடிவாரத்திலிருந்து இறங்கி வர அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதற்குள் நம் மழை முடிந்து நாம் தோசை சாப்பிடப் போய்விடுகிறோம். மலையில் ஊரைவிட அதிகம் பெய்யும் என்பது தெரிந்த விஷயம்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதும், ஏற்காட்டு மலைப்பாதை மண்சரிந்து மூடப்பட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் எந்தச் சாக்கடைக் கணக்கும் செல்லாது, அதை விடுங்கள். நான் சொல்வது சாதாரணச் சாயங்கால மழையை.

வெளியேறும் வாய்க்கு மூங்கில் அளவுகளை நேரவாரியாகக் கொடுத்து, எதிர் வாட்டத்தை உள்ளபடியே போட்டு, ‘டைனமிக் வேவ்’ முறைக்கு மாற்றி ஓட்டினேன். தெரு மழையின்போது காய்ந்து கிடந்தது, மழை நின்று இருபத்தைந்தாவது நிமிடத்தில் பள்ளத்து முனையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பெரியப்பாவைக் கூப்பிட்டு லேப்டாப்பில் காட்டினேன். நீலக்கோடு சாக்கடைக்குள் எதிர்த்திசையில் ஊர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு, “இதத்தான சொன்னேன்” என்றார். அதற்கு மேல் பெரிதாக வியக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மாடல் உண்மையிலேயே பயன்பட்டது. கேள்வி கேட்க ஆரம்பித்தேன். தெருவே கேட்கிற மாதிரி சாக்கடையை மூன்றடி அகலத்துக்குக் கட்டினால்? 43 அப்படியே 43. அதைவிட மோசம், ஓடைத் தண்ணீர் ஏழு நிமிடம் முன்னதாகவே தெருவுக்கு வந்துவிடுகிறது, வாசலை அகலமாகத் திறந்துவைத்த கதை. எந்த மனுவுக்காக இதை ஆரம்பித்தேனோ அந்த மனு நிறைவேறியிருந்தால் எங்களுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்து தண்ணீரைச் சீக்கிரம் வரவழைத்துக் கொடுத்திருப்பார்கள். சாலையை உயர்த்தினால்? சாலை காயும், வீடுகள் குழியாகும், பக்கத்துத் தெருவில் நடந்தது அதுதான். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார், இருந்தும் பல வீட்டு வாசல்கள் இன்றைக்கும் படியிறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. சாக்கடை வாயில் ஒருவழிக் கதவு வைத்தால், அதாவது உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியேயிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும் கதவு? 43 என்பது 14 ஆனது. அந்தப் பதினான்கும் வெளியேற முடியாமல் நிற்கிற எங்கள் சொந்தத் தண்ணீர்.

இதை நாலு பக்கம் அச்செடுத்து ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். யார் என்று சொல்லப்போவதில்லை. படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க, சாக்கடையை அகலப்படுத்தணும்னு ஒரு லெட்டர் மட்டும் தனியா எழுதிக் குடுத்துருங்க” என்றார். அகலப்படுத்த வேண்டாம் என்பதுதான் சார் அந்த நாலு பக்கமும் என்றேன். அப்படி ஒரு மனுவை வாங்கிவைக்க அவரிடம் ஃபைல் இல்லை போலிருக்கிறது.

கடைசியில் தெருவிலேயே காசு பிரித்தோம். கொத்தனார் அண்ணனுக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் இரும்புத் தகடு, மேலே கீல், விளிம்பு பூராவும் லாரி டியூப்பை வெட்டி ஒட்டிய ரப்பர். மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள். எங்களுக்குள் ஏறாத தண்ணீர் எதிர்க்கரைக்குப் போகாதா என்று ஒரு நண்பன் கேட்டான், நியாயமான கேள்வி. எங்கள் பள்ளத்தில் தேங்குவது ஓடையில் போகிற வெள்ளத்தில் சொற்பம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், ஆனாலும் எல்லாத் தெருவும் இப்படிக் கதவு போட்டால் அந்தக் கணக்கு நிற்காது. அதற்கு ஆறு முழுவதையும் ஒரே மாடலாகக் கட்ட வேண்டும், அது ஒரு லேப்டாப்பும் ஒரு மூங்கிலும் செய்கிற வேலை இல்லை. மும்பைக்கு 2020இலேயே அப்படி ஒரு வெள்ள எச்சரிக்கை அமைப்பு வந்துவிட்டது. சேலத்துக்கும் ஒன்று வந்தால் என் மூங்கில் அளவுகளை இலவசமாகத் தருகிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானமே பெரியப்பாவிடமிருந்து போன். “மலை கறுத்துருச்சு கண்ணு.” ஆபீசில் பொய் சொல்லிவிட்டு வந்தேன். மழை பெய்தது, நின்றது, ஓடை செம்மண்ணாக ஏறியது, கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. விளிம்பில் ஒரு பால் கவர் சிக்கி ஒரு கீற்றுத் தண்ணீர் உள்ளே பீய்ச்சியது, குச்சியால் தள்ளி எடுத்தேன். தெருவில் 17 சென்டிமீட்டர். மாடல் சொன்னது 14. யார் வீட்டு வாசப்படியையும் தாண்டவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரியப்பா வீட்டுக்கு வெற்றி வீரன் மாதிரி போனேன். அவர் டார்ச்சோடு தறிக்குழி ஓரத்தில் குந்தியிருந்தார். தரை காய்ந்துதான் இருந்தது, கோலம்கூட அழியவில்லை. குழிக்குள் நாலு விரற்கடைத் தண்ணீர், தெளிவாக, அசையாமல்.

“வாசல் வழியா வரல. சாக்கடை வழியாவும் வரல. இது எப்படி வந்துச்சுன்னு உன் கம்ப்யூட்டரைக் கேளு” என்றார்.

ஊற்று. ஓடை முழுகி நின்ற நேரத்தில் நிலத்தடி வழியாகக் கசிந்து வந்திருக்க வேண்டும். அந்த மென்பொருளில் நிலத்தடி நீருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, நான் இதுவரை திறந்ததே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை குழியிலிருந்து ஓடை வரைக்கும் மட்டம் பிடிக்க வேண்டும், கொத்தனார் அண்ணனின் டியூப் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது.